மரபுவழிப் புற்றுநோயும் மகளிர் மேற்கொள்ளும் முன்காப்பு அறுவையும்



1923ஆம் ஆண்டில், மருத்துவம் கற்ற ஒரு தமக்கையின் கண்ணெதிரே அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் உயிர் நீத்தார். தமக்கை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தங்கை சுந்தரம்பாள். புற்றுநோய் என்றால் மரணம் என்றே பொருள்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு சாவின் நினைவை அம்மையார் முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தார். 1952 அக்டோபரில் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிறுவனத்தையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார் என்பதைச் சென்னை மக்கள் அறிவர்.

ஒரு குடும்பத்தில் நிகழும் சாவு அக்குடும்பத்தாருக்கு எதையேனும் சொல்லிச் செல்கிறதா என்பதே இவ்வுரையின் பொருள். அதிலும் குறிப்பாக, மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் தலைமுறை தலைமுறையாக வரும் வீடுகளில், நோய் இன்னும் வராத பெண்கள் அதனைத் தடுக்கும்பொருட்டுத் தம் உடலின் உறுப்பையே அகற்றிக்கொள்ள முடிவு செய்கிறார்களே, அந்த முடிவைப் பற்றியது இது. பேசக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும் கூச்சத்தின் விலையைச் செலுத்துவோர் பெண்களே ஆதலின், விழா மேடையிலும் இதனைப் பேசுவது தகும்.

வடசென்னையிலிருந்தே தொடங்கலாம். வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பின்பொருட்டு வந்து திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் தங்கிவிட்ட குடும்பங்களுக்கு நோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் நாவில் அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரமே அதன் வேர். பசிப்பிணி தீர்த்த இடம் உடற்பிணி தீர்க்கும் இடமாக வளர்ந்த வரலாறு, உணவுத் தானத்தையும் மருந்துத் தானத்தையும் அருகருகே வைத்துப் போற்றும் சமண மரபினர்க்கு இனிதாகவே இருக்கும். பிரசவம் என்றால் இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. புற்றுநோய் என்றால் மட்டும் நகரத்தின் மறுகோடியாகிய அடையாற்றுக்குப் போக வேண்டும் என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீண்டபின், திருவொற்றியூர்க்காரர் ஒருவர் வண்டி மாறாமலே கிண்டியில் இறங்கி அங்கே சென்றுவிட இயலும். வழி எளிதாகிவிட்டது. மனத்தடைதான் எஞ்சியிருக்கிறது.

இப்பகுதியில் புற்றுநோய் என்றதும் எல்லோரும் கை காட்டுவது புகைபோக்கிகளையே. அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் எண்ணெய் வாடை, துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் கரிப்புகை ஆகியவற்றுக்கு நடுவே வாழ்வோர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. வெளிக்காற்றின் மாசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. நுரையீரல் புற்றுநோயே அதில் முதன்மையாகச் சுட்டப்பட்டது. எனவே அந்தப் புகார் வீண் புகார் அன்று. ஆனால் இங்குப் பேசப்படுவது வேறு. தாய் தந்தையரிடமிருந்து கருவிலேயே வந்து சேர்ந்த மாற்றம், எண்ணூரை விட்டு ஏற்காட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் உடன் வரும். காற்றைக் குறைகூறும் பழக்கத்தால் குடும்ப வரலாற்றைக் கேட்க மறந்துவிடும் வீடுகள் பல. இரண்டையும் வேறுவேறாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்த செய்தியை 1866இலேயே எழுதிவைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் அது தற்செயலா, தொற்றா, உணவா என்பது துலங்கவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த மேரி கிளேர் கிங் என்னும் பெண் அறிவியலார், நோய் மிகுந்த 23 குடும்பங்களின் கால்வழிகளைப் பல்லாண்டு துருவி ஆராய்ந்து, 17ஆம் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அதற்குக் காரணமான மரபணு உள்ளது என்று 1990இல் அறிவித்தார். அவர் கையிலிருந்த முதற்கருவி, யார் யாருக்கு மகள், எந்த வயதில் எந்நோய் என்று எழுதிய வெறும் குடும்பப் பட்டியலே. 1994இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது, பி.ஆர்.சி.ஏ.1 என்பது அதன் பெயர். மறு ஆண்டில் 13ஆம் குரோமோசோமில் பி.ஆர்.சி.ஏ.2 கண்டறியப்பட்டது.

இம்மரபணுக்கள் நோயை உண்டாக்குவன அல்ல. நோயைத் தடுப்பவை அவையே. காசிமேட்டில் மீன்பிடித்துத் திரும்பிய வலையைக் கரையில் விரித்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாகக் கட்டிச் சரிசெய்வோரைப் பலரும் கண்டிருப்பர். உயிரணுவுக்குள் அறுபடும் மரபு இழைகளைச் சரிசெய்யும் பணியாளர் இவை. தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதாயிருந்தால் மற்றொன்று வேலையைச் சமாளிக்கும். வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த மற்றொன்றும் கெட்டுவிட்டால், அறுந்தவை அறுந்தபடியே பெருகும். அதிலிருந்து புற்றுநோய் முளைக்கும். மார்பகத்திலும் சினைப்பையிலும் இது மிகுதியாக நேர்கிறது.

எல்லா மார்பகப் புற்றுநோயும் மரபுவழி வருவதன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே அவ்வகையின. இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்பர். சென்னைப் பெண்களிடையே முன்பு முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோயை அது பின்தள்ளியும் விட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டில் அதற்குமுன் யாருக்கும் அந்நோய் இருந்திராது. ஆனால் பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ.1 உடைய பெண்ணுக்கு 80 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 72 என்றும், பி.ஆர்.சி.ஏ.2 உடையவருக்கு 69 என்றும் 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. சினைப்பைப் புற்றுநோய்க்கு அதே கணக்கு முறையே 44, 17. இந்த எண்களைக் கேட்டபின்பே, நோயில்லாத உறுப்பை அகற்றிக்கொள்ளும் பெண்ணின் மனத்தை ஓரளவேனும் அறிய இயலும்.

இனி, காலடிப்பேட்டையில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கற்பனை வீடுதான், ஆனால் இதன் சுவர்கள் பலருக்கும் தெரிந்தவையாக இருக்கும். எண்ணூர்த் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற தந்தை. மூத்த மகளுக்கு முப்பத்து நான்கு வயது. மணமாகி இரு குழந்தைகள். இளைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். தந்தையின் அக்காள் தொண்டையார்பேட்டையில் இருக்கிறார். நாற்பத்திரண்டாம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவையும் மருந்தும் முடித்துப் பதினாறு ஆண்டுகளாக நலமாயிருப்பவர். அவர்களுடைய தாயார் ஊரிலேயே ஐம்பதாம் வயதில் 'வயிற்றில் கட்டி' வந்து இறந்தார். அக்கட்டி எந்த உறுப்பில் என்று அக்காலத்தில் யாரும் கேட்கவுமில்லை, எவரும் சொல்லவுமில்லை.

மூத்த மகள் மருத்துவரிடம் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, அம்மா வீட்டில் யாருக்கேனும் இருந்ததா என்பது. இல்லை என்று சொல்லி வந்துவிட்டாள். தந்தையோ, "என் அக்காவுக்கு வந்தது என் பெண்களுக்கு எப்படி வரும்? அவர்கள் அவளுக்குப் பிறந்தவர்களா?" என்றார். மிகப் பரவலான பிழை இதுவே. மார்பகம் பெண்ணுறுப்பு ஆதலால் நோய் பெண்வழியே இறங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். பழுதுற்ற மரபணு தந்தையின் உடலில் சத்தமின்றித் தங்கி, மகளுக்கு இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கும் வாய்ப்புச் சரிபாதி. ஆணாயினும் பெண்ணாயினும் அவ்வாறே. அது உள்ள ஆண்களுக்கும், குறிப்பாக பி.ஆர்.சி.ஏ.2 உடையோருக்கு, மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே அத்தையை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு பாதி வரலாறே. அந்தப் பாட்டியின் 'வயிற்றுக் கட்டி' சினைப்பையில் வந்ததாக இருக்குமானால், அத்தையின் நோயோடு அது சேர்ந்து ஒரு செய்தி ஆகிறது.

உறவில் மணம் முடிப்பதனால் இந்நோய் வருகிறதா என்று கேட்போரும் உண்டு. இம்மாற்றம் ஒருபுறத்திலிருந்து வந்தாலே போதுமாதலால், அத்தை மகன், மாமன் மகள் மணம் இதற்குக் காரணமாகாது. இருபுறமும் ஒரே மரபணு பழுதாயிருந்தால் மட்டும், குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கடுமையான வேறொரு நோய் வரக்கூடும். அது அரிது, எனினும், இரு வீட்டாரிலும் புற்றுநோய் உள்ள உறவுத் திருமணத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

சிறிய சமுதாயங்களைக் குறித்தும் ஒன்று சொல்லலாம். ஐரோப்பிய அஷ்கெனாசி யூதரிடையே, பழங்காலத்தில் ஒரு சிலரிடம் தோன்றிய சில மாற்றங்கள் உள்மணத்தால் பெருகி, இன்று நாற்பது பேரில் ஒருவரிடம் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய 185டெல்ஏஜி என்னும் மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. இதைக் கொண்டு தமிழ்ச் சமணரிடையே இந்நோய் மிகுதி என்று எவரும் முடிவு கட்டிவிடல் ஆகாது. ஆனால் சிறிய சமுதாயத்துக்கு வாய்த்த வசதி ஒன்றுண்டு. யார் எந்த ஊர், யாருக்கு யார் எந்த முறை என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மேரி கிளேர் கிங் பல்லாண்டு தேடிச் சேர்த்த பட்டியலை, மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தே எழுதிவிடலாம்.

பரிசோதனையில் ஒரு வரிசைமுறை உண்டு. நோயில்லாத இளையவளை முதலில் சோதிப்பது வழியன்று. நோய் வந்து பிழைத்திருக்கும் அத்தையின் இரத்தத்தையே முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் மாற்றம் இருப்பது தெரிந்தால், அந்த ஒரே இடத்தை மட்டும் தம்பியிடமும், பிறகு பெண்களிடமும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் தெளிவாகும். அத்தையைச் சோதிக்காமல் மகளைச் சோதித்து 'இல்லை' என்று வந்தால், அந்த 'இல்லை'க்குப் பொருள் ஏதுமில்லாமல் போகலாம். இன்னொரு விடையும் வருவதுண்டு: மாற்றம் இருக்கிறது, ஆனால் அது தீங்கானதா என்று சொல்ல இயலவில்லை என்பது அது. உலகத் தரவுத் தொகுப்புகள் பெரிதும் மேலைநாட்டார் இரத்தத்தைக் கொண்டு உருவானவை ஆதலின், இந்தியருக்கு இத்தகைய விடை கூடுதலாக வருகிறது. அதை நம்பி எந்த அறுவையும் செய்துகொள்ளக் கூடாது. பரிசோதனைத் தாளை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாமல், மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய காரணம் இதுவே.

உலகம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2013 மே மாதத்தில். நடிகை ஏஞ்சலினா ஜோலி, பி.ஆர்.சி.ஏ.1 பழுது தமக்கிருப்பதையும், நோய் வருமுன்பே இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதையும் நாளேட்டில் எழுதினார். அவருடைய தாய் 56ஆம் வயதில் மறைந்தவர். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 87 விழுக்காடு என மருத்துவர் மதிப்பிட்டிருந்ததும், அறுவைக்குப்பின் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதும் அதில் இருந்தன. 2015இல் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டார். இங்கிலாந்தில் அடுத்த சில மாதங்களில் குடும்ப வரலாற்று மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேலாயிற்று. அழகே தொழிலாகக் கொண்ட ஒரு பெண் அதைச் சொன்னதால் பிற பெண்களுக்குப் பேசத் துணிவு வந்தது. ஆனால் அவருக்கிருந்த மருத்துவ வசதியும் செல்வமும் எண்ணூர்ப் பெண்ணுக்கு இல்லை. அவர் செய்ததை அப்படியே செய்வதுதான் வீரம் என்று கொள்வதும் தவறு.

புகழ்பெற்ற ஒருவரின் அனுபவத்தைவிடப் பெயரறியாத பலரின் அனுபவம் கூடுதலாகக் கற்பிக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1960 முதல் 1993 வரை, குடும்ப வரலாற்றின் காரணமாக இவ்வறுவையைச் செய்துகொண்ட 639 பெண்களை ஆராய்ந்து, நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்ததை 1999இல் வெளியிட்டனர். மறு ஆண்டில், அதே மருத்துவமனையில் இவ்வறுவை செய்துகொண்ட பெண்களிடம், சராசரியாகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவர்கள் மனநிலையைக் கேட்டார்கள். நூற்றுக்கு எழுபது பேர் மனநிறைவு கொண்டிருந்தனர். பத்தொன்பது பேர் அவ்வாறில்லை. முக்கால் பங்கினருக்கு நோய் பற்றிய கவலை குறைந்திருந்தது. அதே வேளையில் மூன்றில் ஒரு பங்கினர் தம் உடல் தோற்றத்தில் நிறைவு குன்றியதாகவும், நான்கில் ஒரு பங்கினர் பெண்மையுணர்வு குன்றியதாகவும் சொன்னார்கள். நன்மையும் இழப்பும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அவளுக்குச் செய்யும் உதவியன்று.

நியூயார்க்கில் பதிவு செய்த 370 பெண்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், வருந்தியவர்கள் 21 பேரே. அவர்களில் மிகப் பெரும்பாலோர், இவ்வறுவை பற்றிய பேச்சைத் தாமாக எடுக்காமல், மருத்துவர் எடுக்கக் கேட்டவர்கள். இது நம் நாட்டு நடைமுறைக்கு நேராகப் பொருந்தும் செய்தி. மாமியாரும் கணவனும் மருத்துவரும் முடிவு செய்ய, அவள் தலையசைத்துப் படுக்கையில் ஏறினால், பிற்காலத்தில் கண்ணாடி முன் நிற்கும்போது அந்த முடிவைத் தாங்குவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

அறுவை எத்தகையது என்று வெளிப்படையாகச் சொல்வாரும் குறைவு. மார்பகத்தின் சுரப்பித் திசு முழுவதும் எடுக்கப்படுகிறது. மேல்தோலையும், பலருக்கு முலைக்காம்பையும் காப்பாற்றிவைக்க இயல்கிறது. அவ்விடத்தை நிரப்பச் சிலிக்கான் பையோ, முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த சொந்தத் தசையும் கொழுப்புமோ வைக்கப்படும். ஒன்றும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று தேர்வோரும் உண்டு. இருபக்கமும் நீர் வடியும் குழாய்கள் சில நாட்கள் தொங்கிக்கொண்டிருக்கும். கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி உடுத்துவதும், குடத்தைத் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் ஏற்றுவதும் சில வாரங்களுக்கு இயலா. தோலில் தொடுவுணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. பாலூட்டல் இனி இல்லை. இவ்வளவு செய்தும் வாய்ப்பு முற்றிலும் பூச்சியமாகிவிடுவதில்லை, மிகச் சிறிதளவு திசு எஞ்சுவதனால்.

சினைப்பை அகற்றுதல் வெளியில் தெரியாத அறுவை. ஆதலால் எளிது என்று தோன்றும், விளைவோ ஆழமானது. மார்பகத்துக்கு எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் உண்டு. சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே நம்பத்தக்க வகையில் காட்டும் சோதனை எதுவும் இன்றுவரை இல்லை. எனவே குழந்தைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 உடையோர் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 உடையோர் 40 முதல் 45 வயதுக்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். மார்பக அறுவையைவிட இதையே அவர்கள் வற்புறுத்திச் சொல்வர். மறுநாளே மாதவிலக்கு நிறைவு தொடங்கிவிடும். இயற்கையில் சில ஆண்டுகள் படிப்படியாக வருவது ஒரே இரவில் வருகிறது: உடல் முழுதும் பரவும் வெம்மை, உறக்கமின்மை, எரிச்சல், எலும்புத் தேய்மானம். "இவள் ஏன் இப்படி மாறிவிட்டாள்?" என்று வீட்டார் கேட்பதற்குள் காரணத்தை அவர்களும் அறிந்திருப்பது நன்று.

அறுவையே வேண்டாம் என்பதும் முறையான முடிவே. இருபத்தைந்து வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., முப்பது முதல் மேமோகிராமும் சேர்த்து, விழிப்புடன் கண்காணிப்பது ஒரு வழி. தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் இன்னொன்று. கண்காணிப்பு நோயைத் தடுப்பதில்லை, முன்கூட்டிக் காட்டுகிறது. ஒவ்வோராண்டும் முடிவு வரும் வரையிலான அந்த நாட்களைத் தாங்க முடியாத பெண்கள் அறுவையைத் தேர்கிறார்கள். தாங்க முடிந்தவர்கள் காத்திருக்கிறார்கள். இருபத்தாறு வயதுப் பெண் அவசரப்பட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

சமணக் குடும்பத்துப் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் சில கேள்விகளை மருத்துவமனைகளில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். மார்பகத்தை மீட்டமைக்கும்போது சிலிக்கான் பையைத் தாங்கப் பயன்படும் மெல்லிய விரிப்புகள் சில, பன்றியின் தோலிலிருந்தோ மாட்டின் தோலிலிருந்தோ செய்யப்படுபவை. செயற்கை இழையாலானவையும் உள்ளன. இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெபாரின் ஊசிமருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. பல மாத்திரைகளின் மேலுறை ஜெலட்டின். அறுவைக்கு முன்பே கேட்டால் மாற்று உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். மாற்று இல்லாத இடத்தில் உயிரைக் காப்பதா என்ற முடிவைத் தெளிவோடு எடுக்கலாம். மயக்கம் தெளிந்தபின் அறிந்து மனம் நோவதைவிட அது மேல். பொழுது சாய்ந்தபின் உண்ணா நோன்பு உடையோர் இரவு மருந்துகளின் நேரத்தையும், உபவாச நாட்களையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புண் ஆறும் வாரங்களில் புரதச் சத்து மிகுதியாகத் தேவை. பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றைப் பகற்பொழுதிலேயே பகுத்து உண்ண உணவியல் வல்லுநர் வழி சொல்வார். எல்லாம் பழவினை, மனிதரால் ஆவது யாது என்பாரும் உளர். காய்ச்சலுக்கு மருந்து உண்ணும்போது அவ்வாறு சொல்லாதவர்கள், பெண்ணின் மார்பகம் என்றதும் மட்டும் வினையை நினைப்பது ஏன் என்று அவர்களே சிந்திக்கலாம்.

மிகக் கடினமானது திருமணப் பேச்சு. பரிசோதனைத் தாள் வீட்டுக்குள் வந்தால் இளையவளின் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற அச்சத்தாலேயே பல அத்தைமார்கள் இரத்தம் கொடுக்க மறுக்கிறார்கள். அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. மரபணு விவரத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கும் தனிச் சட்டம் அமெரிக்காவில் 2008இல் வந்தது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. மருத்துவக் காப்பீட்டில் மட்டும் ஒரு முன்னேற்றம் உண்டு: மரபணுக் கோளாறு என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது, அதையொட்டிக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பெண் பார்க்க வரும் வீட்டாருக்கு அறிவுறுத்த ஆணையம் ஏதுமில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் ஓர் அத்தை, ஒரு பாட்டி இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். ஒரு பேச்சு முறிவதும், முப்பத்தெட்டாம் வயதில் இரு குழந்தைகளைத் தாயில்லாமல் விடுவதும் ஒரே எடையுடையன அல்ல.

காலடிப்பேட்டை வீட்டுக்குத் திரும்பலாம். மூத்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டையார்பேட்டைக்குச் சென்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "சின்னவளுக்கு நல்லது நடக்கட்டும் அம்மா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்," என்றார் அத்தை. "அதற்குள் எனக்கு ஏதாவது ஆனால், அத்தை?" என்றாள் அவள். அத்தை வெகுநேரம் பேசவில்லை. தம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பதினாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் மருமகள்கூடப் பார்த்திராத வடுவை, உள்ளறைக்கு அழைத்துச் சென்று அண்ணன் மகளுக்கு அல்ல, தம்பி மகளுக்குக் காட்டினார். தமக்கென்று இருந்த பெண் பிள்ளை அவள்தான் என்பதுபோல். பிறகு பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே மஞ்சள் பையில் வைத்திருந்த பழைய பயாப்சி அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் இருவரும் தொண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ஏறினார்கள். உடன் வருவதாக இளையவளும் சொல்லியிருந்தாள். காலடிப்பேட்டையிலேயே அந்த வண்டியில் ஏறி, அத்தைக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.